பாத்ரூம் புதுப்பிக்க பட்ஜெட் போடுவது எப்படி: 8×5 அடி அறைக்கு முழுக் கணக்கு

பாத்ரூம் வேலைக்குப் பட்ஜெட் போட உட்கார்ந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் டைல் கடைக்குப் போகிறார்கள். கணக்கு அங்கேயே கோணலாகிறது. கடையில் பார்க்கிற டைல், டாய்லெட், ஷவர் எல்லாம் சேர்ந்தாலும் மொத்தச் செலவில் பாதியைத் தொடாது. மீதிப் பணம் இடிப்பிலும், சுவருக்குள் போகும் குழாயிலும், தரைக்கு அடியில் பூசும் பூச்சிலும், கூலியிலும் போகிறது. அதனால் இந்தக் கணக்கு உள்ளேயிருந்து வெளியே வருகிறது. மறைந்துபோகிற வேலைகளுக்கு முதலில் பணம் ஒதுக்குகிறோம், கண்ணுக்குத் தெரிகிறவை மீதியில் வருகின்றன.

எடுத்துக்காட்டுக்கு நம் ஊர் அடுக்ககங்களில் அதிகம் காணப்படும் அறை: உள்ளளவு 8 அடிக்கு 5 அடி, மூன்றாவது மாடி, கட்டி 25 ஆண்டு ஆனது, சங்கன் ஸ்லாப் (கழிவுக் குழாய் ஓடுவதற்காகத் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளம்) போட்டது. கீழே வரும் விலைகள் கணக்கு ஓடும் விதத்தைக் காட்டுவதற்கான மாதிரிகள். உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அளவுகளும் வரிசையும் மாறாது.

1. டேப் எடுத்து அளந்து தாளில் எழுதுங்கள்

தேவையானவை: 5 மீட்டர் டேப், ஒரு ரசமட்டம், ஒரு நாணயம், போன் கேமரா.

நான்கு சுவரின் நீளம், தரையிலிருந்து கூரை வரை உயரம், கதவு, வென்டிலேட்டர், தரைத் துளைகளின் இடம், ஹீட்டர் இருக்கும் சுவர் ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து குறியுங்கள். பழைய கட்டடத்தில் எதிரெதிர் சுவர்கள் ஒரே நீளமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு பக்கம் 5 அடி, மறுபக்கம் 4 அடி 10 இன்ச் என்பது சாதாரணம். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்தால் அறை கோணலா என்பது உடனே தெரிந்துவிடும். கோணலான அறையில் டைல் வெட்டு அதிகம், அதனால் சேதாரமும் அதிகம்.

பாத்ரூம் தரைக்கும் வெளி அறைத் தரைக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். பாத்ரூம் தரை அரை இன்ச்சாவது தாழ்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு அளவு, பழைய டைல் மேலேயே புது டைல் ஒட்ட முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

பிறகு நாணயத்தால் டைல்களைத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. பொத்தலாகக் கேட்டால் அடியில் காலி. ஐந்தில் ஒரு டைலுக்கு மேல் பொத்தல் சத்தம் வந்தால், அந்தச் சுவரை உரிக்காமல் தப்ப முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2. எவ்வளவு ஆழம் போகிறோம் என்பதை முடிவுசெய்யுங்கள்

மூன்று நிலை உண்டு. முதல் நிலையில் டாய்லெட், தண்ணீர் திறக்கும் குழாய், வாஷ்பேசின், கதவு மட்டும் மாறும், சுவரையும் தரையையும் தொடுவதில்லை. இரண்டாவதில் பழைய டைலின் மேலேயே பசை போட்டுப் புது டைல் ஒட்டப்படும், சுவருக்குள் ஓடும் குழாய்கள் அப்படியே இருக்கும். மூன்றாவதில் செங்கல் தெரியும் வரை சுவரும், ஸ்லாப் தெரியும் வரை தரையும் உரிக்கப்பட்டு எல்லாம் புதிதாக வரும்.

ஆசையை ஓரமாக வைத்துவிட்டு அறிகுறிகளை வைத்து முடிவெடுங்கள். கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு, பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் பெயின்ட் உப்பிக் கொட்டுவது, சுவருக்குள் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இருப்பது, தரைத் துளை ஓரத்தில் டைல் அமுங்குவது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் மூன்றாவது நிலைதான். கசிவு இருக்கும் பாத்ரூமில் டைல் மேல் டைல் ஒட்டுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். பசைக்கும் டைலுக்கும் தண்ணீரைத் தடுக்கும் வேலை கிடையாது. ஆறு மாதத்தில் அதே ஈரம் திரும்பி வரும், அப்போது உரிக்க இரண்டு அடுக்கு இருக்கும்.

ஜிஐ குழாய் பற்றி ஒரு வார்த்தை. வெளியே நன்றாகத் தெரியும். அதில் மாட்டிய, தண்ணீர் திறக்கும் பழைய குழாயைக் கழற்ற ரெஞ்ச் போட்டுத் திருப்பும்போதுதான் மரை சுவருக்குள்ளேயே முறிந்து நிற்கும். திறக்கும் குழாயை மட்டும் மாற்றலாம் என்று தொடங்கி, அன்று மாலையே சுவரைக் கொத்த வேண்டியதாகிவிடும். 25 ஆண்டு தாண்டிய ஜிஐ என்றால் ஷாஃப்ட் (எல்லா மாடிக் குழாய்களும் இறங்கும் செங்குத்துச் சந்து) வரை மாற்றுவதற்கான பணத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்குங்கள்.

3. டாய்லெட்டின் இடத்தை உறுதிசெய்துவிட்டுத்தான் மற்றது

டாய்லெட்டை நகர்த்தினால் 110 மி.மீ. கழிவுக் குழாயும் நகர வேண்டும். அது சங்கன் ஆழத்துக்குள் வாட்டத்தோடு (தண்ணீர் வடியும் சரிவோடு) ஓட வேண்டும். பட்ஜெட்டைப் பெரிதாக மாற்றும் ஒற்றை முடிவு இதுதான். முடிந்தவரை இருந்த இடத்திலேயே வையுங்கள்.

ட்ராப் என்பது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு. வெஸ்டர்ன் டாய்லெட்டில் எஸ் ட்ராப், பி ட்ராப் என்று இரு வகை. எஸ் ட்ராப் தரையில் இறங்கும், பி ட்ராப் சுவர் வழியாகப் போகும். எஸ் ட்ராப் வாங்குவதற்கு முன், முடித்த சுவரிலிருந்து தரைத் துளையின் மையம் வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். கடையில் 4, 9, 12 இன்ச் அளவுகள் கிடைக்கும்.

புதிதாகச் செய்பவர்கள் வழுக்கும் இடம் இந்த "முடித்த சுவர்" என்ற சொல்லில்தான். பழைய டைல் முகத்திலிருந்து துளை மையம் 225 மி.மீ. இருக்கிறது, 9 இன்ச் டாய்லெட் வாங்கிவிட்டீர்கள். அதன் மேல் 8 மி.மீ. டைலும் 4 மி.மீ. பசையும் ஏறினால் தூரம் 213 மி.மீ. ஆகிவிடும். டாய்லெட்டின் பின்புறம் சுவரில் இடிக்கும், வாய் துளைக்கு நேராக உட்காராது. பிரித்த டாய்லெட்டைக் கடையில் திரும்ப எடுப்பது அரிது.

இந்தியன் டாய்லெட்டை வெஸ்டர்னாக மாற்றுவதானால், பழையது சங்கனுக்குள் புதைந்திருக்கும். அதை எடுக்கத் தரையைத் தோண்டியே ஆக வேண்டும். "மேலே மட்டும் மாற்றிவிடலாம்" என்று யாராவது சொன்னால், அடியில் இருக்கும் பழைய ட்ராப் என்னவாகும் என்று கேளுங்கள்.

சுவருக்குள் மறையும் ஃப்ளஷ் டேங்க் விரும்பினால், நாலரை இன்ச் சுவரில் அது அடங்காது. முன்னால் ஒரு குட்டைச் சுவர் கட்டி அதற்குள் வைக்க வேண்டும். கட்டும் கூலி, அதன் மேல் டைல், அறையில் குறையும் ஆறேழு இன்ச் இடம் ஆகியவற்றையும் சேர்த்தே அந்த டேங்கின் விலையைப் பாருங்கள்.

4. இடிப்பும் ரப்பிஷும்

இடிப்பைச் சின்னச் செலவாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 160 சதுர அடி சுவரில் டைலும் கலவையும் ஒன்றரை இன்ச் கனம் என்றால் 20 கன அடி. 40 சதுர அடித் தரையில் சங்கன் 9 இன்ச் என்றால் 30 கன அடி. மொத்தம் 50 கன அடி. உடைத்ததும் அது உப்பி 70, 75 கன அடியாகும். ஒரு சிமெண்ட் சாக்கில் தூக்கக்கூடிய அளவு ஒரு கன அடி. அதாவது 70 சாக்குக்கு மேல் மூன்றாவது மாடியிலிருந்து தோளில் இறங்க வேண்டும். எடை இரண்டு டன்னைத் தாண்டும். குட்டி யானை வண்டிக்கு மூன்று நடையாவது ஆகும்.

எனவே இடிப்புக் கூலி, இறக்கும் கூலி, வண்டி வாடகை என்று மூன்றாகக் கேளுங்கள். "இடிச்சுக் கொடுத்துடறேன்" என்ற சொல்லில் பெரும்பாலும் முதலாவது மட்டுமே இருக்கும். குடியிருப்போர் சங்கத்திடம் வேலை நேரம், லிஃப்ட்டில் ரப்பிஷ் இறக்க அனுமதி உண்டா, வைப்புத்தொகை உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லிஃப்ட் கிடையாது என்றால் இறக்கும் கூலி ஏறும்.

இடிக்கும் முன் தரைத் துளைகளைத் துணி திணித்து மூடச் சொல்லுங்கள். ஒரு கைப்பிடிக் கலவை ஷாஃப்ட் குழாய்க்குள் விழுந்தால் கீழ்வீடுகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். அதை எடுக்கும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

5. சுவருக்குள் போகும் குழாய்கள்

இங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது. ஐந்நூறு ரூபாய் மிச்சத்துக்குப் போட்ட எல்போ (குழாய் திரும்பும் இடத்தில் வரும் வளைவு) கசிந்தால், அதைத் தொட ஐம்பதாயிரம் ரூபாய் சுவரை உடைக்க வேண்டும்.

வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக்), கழிவுக்கு எஸ்டபிள்யூஆர் (கழிவுநீருக்கான பிளாஸ்டிக்) குழாய் என்பது இப்போதைய வழக்கம். கழிவில் டாய்லெட்டுக்கு 110 மி.மீ., தரைத் தண்ணீருக்கு 75 மி.மீ. தண்ணீர் திறக்கும் குழாய் திருகப்படும் இடங்களில் பித்தளை மரை உள்ள எல்போ போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மரை நாலைந்து முறை கழற்றி மாட்டினால் தேய்ந்துவிடும்.

பாயின்ட்டுகளை, அதாவது சுவரில் தண்ணீர்க் குழாய் வந்து முடியும் இடங்களை, எண்ணுங்கள்: வாஷ்பேசினுக்கு 2, ஷவர் டைவர்ட்டருக்கு (வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ திருப்பும் வால்வு) 2, ஹீட்டருக்கு 2, ஃப்ளஷ் டேங்க் 1, ஹெல்த் ஃபாசெட் 1. மொத்தம் 8. ஷவர் வாய்க்கும் ஸ்பவுட்டுக்கும் (கீழ்க் குழாய்) போகும் குழாய்கள் டைவர்ட்டரோடு சேர்ந்தவை. ப்ளம்பர் அதைத் தனிப் பாயின்ட்டாக எண்ணுவாரா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், கணக்கு முடிக்கும்போது வரும் சண்டை பாதி இதில்தான். வாஷிங் மெஷின் பிறகு வரலாம் என்றால் அதற்கும் இப்போதே ஒரு பாயின்ட் போட்டு மூடிவிடுங்கள்.

டைவர்ட்டரின் உட்பகுதி டைல் ஒட்டுவதற்கு முன்பே சுவருக்குள் போக வேண்டும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பது இந்த நேரத்தில் முடிவாகி, பொருள் கையில் இருக்க வேண்டும். உட்பகுதி ஒரு கம்பெனி, வெளித் தகடு வேறு கம்பெனி என்றால் பொருந்தாது. ஆழமும் முக்கியம். உட்பகுதியின் மேல் வரும் பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று கோடு இருக்கும், முடித்த டைல் முகம் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். உள்ளே அதிகம் போனால் கைப்பிடி எட்டாது, நீட்டிப்புத் துண்டு தேடி அலைய வேண்டிவரும்.

குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடும் முன் பிரஷர் பம்ப் வைத்துத் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா பாருங்கள். சில ப்ளம்பர்களிடம் பம்ப் இருக்காது, வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த வாடகையும் பட்ஜெட்டில் ஒரு வரி. சோதனை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் டேப்பை வைத்துப் போட்டோ எடுங்கள். நாளை டவல் கம்பிக்குத் துளை போடும்போது அந்தப் போட்டோதான் குழாயைக் காப்பாற்றும்.

6. நீர்க்கசிவுத் தடுப்பு: 40 சதுர அடி என்று எண்ணாதீர்கள்

"தரை 40 சதுர அடிதானே" என்று விலை கேட்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. பூச்சு இரண்டு இடத்தில் வருகிறது.

முதலில் சங்கனின் அடியில்: ஸ்லாப் 40 சதுர அடி, முக்கால் அடி உயரத்துக்குச் சுற்றுப் பக்கங்கள் 26 அடி நீளம், ஆக 60 சதுர அடி. அதன் மேல் குழாய் போட்டு, நிரப்பி, வாட்டத்தோடு கலவை போட்ட பிறகு இரண்டாவது முறை: தரை 40, கதவு போகச் சுற்றிலும் ஓரடி உயரத்துக்கு 24, ஷவர் மூலையில் 11 அடி நீளத்துக்கு மேலும் ஐந்தடி உயரம் 55. இது 119. இரண்டும் சேர்த்து ஏறக்குறைய 180 சதுர அடி. நாற்பதுக்கும் நூற்றெண்பதுக்கும் உள்ள இடைவெளியில்தான் பல பட்ஜெட்டுகள் உடைகின்றன.

பொருள் என்ன என்று கேளுங்கள். பாலிமர் திரவமும் சிமெண்ட் பொடியும் கலந்து தூரிகையால் பூசும் இரு பொருள் பூச்சு பாத்ரூமுக்கு நம்பகமானது. இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக, நடுவில் டப்பாவில் எழுதிய இடைவெளி விட்டு. பூசும் முன் சுவரும் தரையும் சேரும் மூலையில் கலவையால் சரிவாக உருட்டிவிட வேண்டும். செங்கோண மூலையில்தான் பூச்சு முதலில் விரிசல் விடும். குழாய் தரையைத் துளைத்து வெளிவரும் இடத்தைச் சுற்றி நான்-ஷ்ரிங்க் கிரவுட் (காய்ந்தாலும் சுருங்காத கலவை) போட்டு அடைக்கச் சொல்லுங்கள். சாதாரண சிமெண்ட் சுருங்கி, மயிரிழை இடைவெளி விடும். கீழ்வீட்டுக் கூரையில் வட்டமாகத் தெரியும் ஈரம் பெரும்பாலும் அந்த மயிரிழையிலிருந்து வருவது.

பூச்சு காய்ந்ததும் துளைகளை அடைத்து, இரண்டு இன்ச் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். சுமார் 190 லிட்டர் தண்ணீர் ஆகும். ஒன்றிரண்டு மி.மீ. காற்றில் போகும், அதற்கு மேல் இறங்கினால் கசிவு. கீழ்வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி, அவர் கூரையை இரண்டு நாளும் பாருங்கள். இந்த 2 நாள் வேலை ஓடாது என்பதால் மேஸ்திரி அவசரப்படுத்துவார். நாட்கணக்கில் இதை முதலிலேயே சேர்த்துவிட்டால் யாரும் அவசரப்பட வேண்டாம்.

7. டைல் எத்தனை பெட்டி

சுவரின் சுற்றளவு 26 அடி. 7 அடி உயரத்துக்கு 182 சதுர அடி. கதவுக்கு 17.5, வென்டிலேட்டருக்கு 4 கழித்தால் 160.5. சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 176.5 சதுர அடி.

இப்போது பெட்டிக் கணக்கு. 12×18 என்று விற்கும் டைலின் உண்மை அளவு 300×450 மி.மீ. ஆறு டைல் உள்ள பெட்டியைக் கடையில் 9 சதுர அடி என்பார்கள். உண்மையில் 8.72 சதுர அடி. 9 என்று வகுத்தால் 20 பெட்டி போதும் என்று வரும். 8.72 என்று வகுத்தால் 21 வரும். கடைசிச் சுவரில் அரைப் பெட்டி குறைந்து, திரும்பக் கடைக்குப் போனால் அந்த பேட்ச் தீர்ந்திருக்கும். புதுப் பேட்ச் அதே பெயரில் வந்தாலும் நிறம் ஒரு சாயல் மாறியிருக்கும், விளக்கு வெளிச்சத்தில் அந்த வரிசை தனியாகத் தெரியும். ஆகவே 21 பெட்டியோடு, எதிர்காலப் பழுதுக்காக 1 பெட்டி சேர்த்து 22. இறக்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

தரைக்கு 40 சதுர அடியும் 10 சதவீதமும் சேர்த்து 44. பத்து டைல் உள்ள 300×300 மி.மீ. பெட்டி 9.69 சதுர அடி வரும், 5 பெட்டி. தரைக்குச் சொரசொரப்பான டைல்தான், அதுவும் சின்ன அளவு. தண்ணீர் வடிய 5 அடிக்கு 1 இன்ச் வாட்டம் வேண்டும். பெரிய டைலை நான்கு பக்கமும் ஒரே துளையை நோக்கிச் சாய்க்க முடியாது, குறுக்கே வெட்ட வேண்டும்.

சுவருக்கு 2×4 அடி டைல் விரும்புகிறவர்கள் உயரத்தைக் கவனியுங்கள். 7 அடிச் சுவரில் ஒரு முழு டைலும் அடுத்ததில் 3 அடியும் போகும், ஒவ்வொரு வரிசையிலும் ஓரடித் துண்டு வீண். பொய்க்கூரை போட்டு 8 அடிக்கு ஏற்றினால் வெட்டே இல்லை. எனவே பெரிய டைலுக்குச் சேதாரம் 10 சதவீதம் என்று குருட்டாம்போக்கில் போடாமல் வரைந்து எண்ணுங்கள்.

பசை 20 கிலோ மூட்டை 3 மி.மீ. கனத்தில் 50 சதுர அடிக்கு வரும். சுவர் சமமில்லை என்றால் 6 மி.மீ. ஆகி மூட்டை இரட்டிக்கும். உரித்த சுவரை முதலில் தூக்குக்குண்டு வைத்துப் பூசி நேராக்குவது பசையில் மிச்சமாகும். இணைப்புக்கு 2 மி.மீ. ஸ்பேசர். அந்த இடைவெளியை நிரப்ப, ஷவர் பக்கமும் தரையும் எபாக்ஸி (பிசின் கலந்த) கிரவுட், மற்ற இடத்துக்குச் சாதாரண கிரவுட் போதும்.

8. தண்ணீரின் அழுத்தம், மின்சாரம்

ஷவர் வாங்கும் முன் தொட்டி எங்கே என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு பார் அழுத்தம் தரும். கடைசி மாடியில் தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். அங்கே பெரிய மழை ஷவர் போட்டால் நடுவில் மட்டும் ஒழுகும். பிரஷர் பம்ப் வேண்டும், அதற்குத் தனி விலை, தனி மின் பாயின்ட், சங்க அனுமதி. பம்ப் உள்ள கட்டடத்தில் ஹீட்டர் எத்தனை பார் தாங்கும் என்று அதன் தகட்டைப் பார்த்து வாங்குங்கள்.

2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட்டும், போர்டிலிருந்து 4 சதுர மி.மீ. தாமிர ஒயரும் போட்டுவிட்டால் நாளை பெரிய ஹீட்டர் வந்தாலும் கவலையில்லை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத வீட்டில் அதுதான் முதல் செலவு. ஈரமான தரையில் நிற்கிறவரின் உயிர் அதில் இருக்கிறது. எர்த் ஒயர் பெயருக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா, போர்டில் நிஜமாகவே இணைந்திருக்கிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனிடம் சோதிக்கச் சொல்லுங்கள்.

25 லிட்டர் ஹீட்டர் நிறைந்தால் தண்ணீர் மட்டும் 25 கிலோ. ஹாலோ பிளாக் சுவரானால் சாதாரண ஆங்கர் போல்ட் நிற்காது, அதற்கென்ற ஆங்கர் வாங்குங்கள்.

9. சில்லறைச் சாமான்

டாய்லெட், பேசின், ஷவர் விலையை எல்லோரும் எழுதுகிறார்கள். அவற்றை மாட்ட வேண்டியவற்றை யாரும் எழுதுவதில்லை. ஆங்கிள் வால்வு ஆறு: ஹீட்டர் 2, பேசின் 2, டேங்க் 1, ஹெல்த் ஃபாசெட் 1. கனெக்ஷன் பைப் ஐந்து. பேசினுக்கு வேஸ்ட் கப்ளிங், பாட்டில் ட்ராப், தாங்கும் போல்ட். டாய்லெட்டுக்கு சீட் கவர் சேர்ந்ததா தனியா, தரை போல்ட், இணைக்கும் ரப்பர் வளையம். தரைத் துளைக்குக் கரப்பான் வராத ஜாலி. நீட்டிப்பு நிப்பிள், தகடு, டெஃப்லான் டேப், சிலிகான். டவல் கம்பி, சோப்புத் தட்டு, கொக்கி, கண்ணாடி. வாசலில் தண்ணீர் வெளியேறாமல் தடுக்கும் கிரானைட் பட்டை. எல்லாம் சேர்ந்து எளிதாக ஐயாயிரம் ரூபாயைத் தாண்டும்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீட்டில் கருப்பு, தங்க நிறக் குழாய்களில் வெள்ளைப் படலம் முதல் வாரமே தெரியும், ஆசிட் ஊற்றித் துடைத்தால் நிறம் போய்விடும். அங்கே குரோம் பரவாயில்லை, ஆனால் அதற்கும் ஆசிட் ஆகாது. உதிரி கார்ட்ரிட்ஜ் (குழாயைத் திறந்து மூடும் உட்பகுதி) உங்கள் ஊரிலேயே கிடைக்கிற கம்பெனியாக வாங்குங்கள்.

10. கொட்டேஷன் வாங்கும் முறை

முதல் படியில் வரைந்த தாள், பாயின்ட் எண்ணிக்கை, பூச்சு 180 சதுர அடி, டைல் சதுர அடி எல்லாவற்றையும் எழுதி மூன்று பேரிடம் ஒரே தாளைக் கொடுங்கள். "பாத்ரூம் முழுசா எவ்வளவு?" என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்வார்கள், ஒப்பிடவே முடியாது.

இடிப்பை நாள் கூலிக்கு விடாதீர்கள், மொத்தமாகப் பேசுங்கள். டைல் சதுர அடிக் கணக்கு. குழாய் பாயின்ட் கணக்கு. மைட்டர் வெட்டு (மூலையில் டைல் ஓரத்தைச் சாய்வாக வெட்டிச் சேர்ப்பது), சுவரில் சோப்புப் பிறை, கிரானைட் பட்டை, துளை போடுவது ஆகியவை டைல் கூலியில் அடங்குமா, ரன்னிங் அடிக்குத் தனியா? தண்ணீர், மின்சாரம், மணல் மாடி ஏற்றும் கூலி யாருடையது? பொருள் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளதா, வெளியே வருமா? எல்லாவற்றுக்கும் பதிலை அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

மிகக் குறைந்த கொட்டேஷனில் எந்த வரி காணாமல் போயிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ரப்பிஷ், பூச்சின் இரண்டாம் அடுக்கு, சுவர் பூச்சு இந்த மூன்றில் ஒன்று இருக்காது.

11. மொத்தக் கணக்கு

நம் மாதிரி அறைக்கு, நடுத்தர விலையில், ரூபாயில்:

இடிப்பு, இறக்குக் கூலி, வண்டி: 14,000
குழாய்ச் சாமான்: 11,000
குழாய்க் கூலி: 14,000
நீர்க்கசிவுத் தடுப்பு, பொருளும் கூலியும்: 11,000
சிமெண்ட், எம்-சாண்ட், நிரப்பும் பொருள்: 9,000
சுவர்ப் பூச்சு, டைல் கூலி: 21,000
டைல், பசை, கிரவுட், ஜிஎஸ்டி உட்பட: 20,000
மின்வேலை: 7,000
டாய்லெட், வாஷ்பேசின்: 14,000
டைவர்ட்டர், ஷவர், குழாய்கள்: 15,000
சில்லறைச் சாமான்: 6,000
ஹீட்டர், எக்ஸாஸ்ட் ஃபேன்: 11,000
கதவு, வென்டிலேட்டர்: 9,000

மொத்தம் 1,62,000. இதில் நீங்கள் கடையில் கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்கும் டைல், டாய்லெட், ஷவர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்து 60,000. மீதி 1,02,000 வேறெங்கோ போகிறது. டைல் கடையில் தொடங்கும் பட்ஜெட் ஏன் கவிழ்கிறது என்பது இந்த இரண்டு எண்ணிலேயே இருக்கிறது.

எதிர்பாராததற்கு, பத்து ஆண்டுக்குள் கட்டிய வீடானால் 10 சதவீதம், பழைய வீடானால் 15 சதவீதம். இங்கே 24,300 சேர்ந்து 1,86,300. இந்தத் தொகையைத் தனியாக வையுங்கள், மேஸ்திரியிடம் சொல்ல வேண்டாம். தரையைத் திறந்ததும் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் உதிர்ந்திருந்தால் அதைச் சரிசெய்யவும், கீழ்வீட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்கவும் இது உதவும். ஷவரை உயர்த்த இதிலிருந்து எடுக்காதீர்கள்.

ஒரே பாத்ரூம் உள்ள வீடானால் இன்னொரு வரி உண்டு. முழு வேலைக்கு இரண்டு வாரத்துக்குக் குறையாது. அந்த நாட்களில் குளிக்க, கழிக்க எங்கே போவது? வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உறவினர் வீட்டில் தங்கவைக்கும் ஏற்பாட்டையும் அதன் செலவையும் வேலை தொடங்கும் முன்பே முடிவுசெய்யுங்கள்.

12. தொகை அதிகமானால் எங்கே குறைப்பது

டைலில் குறைக்கலாம். நிறத்தையும் வடிவத்தையும் எளிமையாக்கினால் பெட்டிக்கு நூறு, இருநூறு இறங்கும். 7 அடிக்கு மேல் பெயின்ட் போதும். சுவருக்குள் மறையும் டைவர்ட்டருக்குப் பதில் வெளியே மாட்டும் வால் மிக்ஸர் விலை குறைவு, பழுது பார்ப்பதும் சுலபம். பேசின் கவுண்டர் வேண்டாம். கண்ணாடித் தடுப்பு, பொய்க்கூரை, அலமாரி இவற்றை அடுத்த ஆண்டு சேர்த்துக்கொள்ளலாம், எதையும் உடைக்காமல் பிறகு வரக்கூடியவை இவை.

குழாய், பூச்சு, ஒயர், ஆர்சிசிபி, ட்ராப் இவற்றில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். பிறகு மாற்ற வேண்டுமானால் மேலே உள்ள டைலையும் சேர்த்து இழக்க வேண்டிவரும்.

13. பணம் கொடுக்கும் வரிசை

கூலித் தொகையை வேலையின் கட்டங்களோடு கட்டிப்போடுங்கள், தேதிகளோடு அல்ல. முன்பணம் 20 சதவீதம். இடித்து ரப்பிஷ் வெளியேறியதும் 15. குழாய் பிரஷர் சோதனையில் நின்றதும் 20. தண்ணீர் கட்டும் சோதனை முடிந்து கீழ்வீட்டுக் கூரை காய்ந்திருந்தால் 15. டைலும் கிரவுட்டும் முடிந்ததும் 20. கடைசி 10 சதவீதத்தைப் பொருத்தல் முடிந்த பிறகும் இரண்டு வாரம் கையில் வையுங்கள்.

அந்த இரண்டு வாரத்தில் பாத்ரூமைத் தினமும் பயன்படுத்துங்கள். ஒரு வாளித் தண்ணீரை நான்கு மூலையிலும் ஊற்றித் தேங்குகிறதா பாருங்கள். டாய்லெட்டின் அடியிலும் ஆங்கிள் வால்வு ஒவ்வொன்றின் கீழும் டிஷ்யூ தாளை வைத்து இரவு முழுக்க விட்டு, காலையில் ஈரமா என்று தொட்டுப் பாருங்கள். டைலை மறுபடி நாணயத்தால் தட்டுங்கள். பொத்தல் சத்தம் வரும் டைலில் சாக்பீஸால் குறியிட்டு, மாற்றி ஒட்டிய பிறகு மிச்சப் பணத்தைக் கொடுங்கள். அதற்கான டைல் நீங்கள் எடுத்துவைத்த அந்த ஒரு பெட்டியில் இருக்கும்.